டேனியல் பெர்னூலி

டேனியல் பெர்னூலி (பெப்ரவரி 8, 1700 – மார்ச் 17, 1782) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளரும் இயற்பியலாளரும் மருத்துவரும் ஆவார். பாய்மங்களின் அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் இடையிலான தொடர்பை விளக்கும் பெர்னூலியின் தத்துவம் இவர் பெயரால் அழைக்கப்படுகின்றது. 1738ஆம் ஆண்டு வெளியான ஹைட்ரோடைனமிக்கா என்னும் இலத்தீன் நூல் இவருடைய முதன்மையான படைப்பாகும். பாய்ம இயக்கவியல் என்ற துறைக்குப் பெயரைத் தந்ததும் இந்நூலே. வளிமங்களின் இயக்கக் கொள்கை, நிகழ்தகவு, அதிர்வுகள், நோய்ப் பரவலின் கணிதம் ஆகியவற்றிலும் இவர் முன்னோடியாக விளங்கினார்.

பெர்னூலி என்ற பெயரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல கணிதவியலாளர்கள் இருந்தமையால், அவர்களுடைய கண்டுபிடிப்புகளை ஒருவருக்கொருவர் மாற்றிக் கூறுவது வழக்கமாக உள்ளது. பெர்னூலி எண்கள் இவருடைய பெரிய தந்தையான யாக்கோப் பெர்னூலியின் பெயரைக் கொண்டவை. பாய்மங்கள் தொடர்பான தத்துவம் டேனியலுடையது.

குடும்பப் பின்னணி

பெர்னூலி குடும்பத்தினர் முதலில் ஆண்ட்வெர்ப் நகரில் வாழ்ந்த வணிகர்கள். சீர்திருத்தக் கிறித்தவர்களான அவர்கள், ஸ்பானிய ஆட்சியின் கீழ் நிகழ்ந்த சமய ஒடுக்குமுறையிலிருந்து தப்பி, பிராங்க்பர்ட் நகருக்கும் பின்னர் சுவிட்சர்லாந்திலுள்ள பாசெல் நகருக்கும் குடிபெயர்ந்தனர். வணிகத்தில் நிலைபெற்றிருந்த இக்குடும்பத்தில் கணிதத்தை முதலில் கைக்கொண்டவர் யாக்கோப் பெர்னூலி (1655–1705). அவருடைய தம்பி யோகான் பெர்னூலி (1667–1748) டேனியலின் தந்தையாவார்.

நியூட்டன், லைப்னிட்ஸ் ஆகியோர் உருவாக்கிய நுண்கணிதத்தை வளர்த்து ஐரோப்பாவெங்கும் பரப்பியதில் இவ்விரு சகோதரர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆயினும் கண்டுபிடிப்புகளின் முன்னுரிமை குறித்து இருவருக்கும் இடையே வெளிப்படையான சண்டைகள் நடந்தன. யோகான் ஒப்பற்ற ஆசிரியர். அதே வேளையில், பிறருடன் புகழைப் பங்கிட்டுக்கொள்ள மனமற்றவர். இக்குணம் பிற்காலத்தில் மகனுடைய வாழ்வையும் பாதித்தது.

இளமையும் கல்வியும்

டேனியல் 1700ஆம் ஆண்டு நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பிறந்தார். அப்போது அவருடைய தந்தை அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். தாயார் டொரோதியா பால்க்னர். நிக்கோலாஸ் (1695–1726) இவருக்கு மூத்தவர். யோகான் (1710–1790) இளையவர். இருவரும் கணிதவியலாளர்களே. 1705இல் யாக்கோப் இறந்ததும் யோகான் பாசெல் நகருக்குத் திரும்பி அண்ணனின் பேராசிரியர் பதவியை ஏற்றார். டேனியல் அந்நகரிலேயே வளர்ந்தார்.

பதின்மூன்றாம் வயதில் பாசெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த டேனியல் மெய்யியலும் அளவையியலும் கற்று, 1715இல் இளநிலைப் பட்டமும் 1716இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். கணிதத்தைத் தந்தையிடமும் அண்ணன் நிக்கோலாசிடமும் வீட்டிலேயே கற்றார். எனினும் கணிதத்தில் பொருள் ஈட்ட இயலாது என்று கருதிய தந்தை, மகனை வணிகராக்க முயன்றார். யோகானையும் அவருடைய தந்தை இவ்வாறே வணிகத்துக்கு அனுப்ப முயன்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. டேனியல் வணிகத்தை ஏற்க மறுக்கவே, மருத்துவம் படிக்க இசைவு கிடைத்தது.

பாசெல், ஐடல்பெர்க், ஸ்ட்ராஸ்பூர்க் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்ற டேனியல், மூச்சுவிடுதலின் இயக்கவியலை ஆராய்ந்து 1721இல் முனைவர் பட்டம் பெற்றார். இக்காலத்தில் ஆற்றல் அழிவின்மைக் கோட்பாட்டின் முன்வடிவமான உயிர்விசைக் கோட்பாட்டைத் தந்தையிடம் கற்றார். இயங்கும் பொருளின் நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கக் கிடைப்பது உயிர்விசை எனப்பட்டது. ஒரு பொருள் கீழே விழும்போது இழக்கும் உயரத்துக்கு ஈடாக இவ்வளவு வளர்கின்றது. திண்மப் பொருட்களுக்குக் கூறப்பட்ட இக்கருத்தை ஓடும் நீருக்குப் பொருத்தியதே டேனியலின் பிற்காலப் புகழுக்கு அடிப்படையாயிற்று.

பட்டம் பெற்றபின் பாசெல் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல், அளவையியல் ஆகிய பதவிகளுக்கு விண்ணப்பித்தார். அக்காலத்தில் அங்கு இறுதித் தேர்வு சீட்டுக் குலுக்கல் மூலம் நடைபெற்றது. இரண்டு முறையும் சீட்டு இவருக்குச் சாதகமாக விழவில்லை.

வெனிஸ் நகரில்

1723இல் மேற்படிப்புக்காக இத்தாலியின் வெனிஸ் நகருக்குச் சென்றார். அங்கிருந்து பதுவா நகருக்குச் சென்று பயிலும் திட்டம் நோயினால் தடைப்பட்டது. வெனிசில் இருந்தபடியே, கப்பல்களில் பயன்படுத்தக்கூடிய மணற்கடிகாரம் ஒன்றை வடிவமைத்தார். கடல் கொந்தளிக்கும்போதும் மணல் சீராக விழும்படி அமைந்த இவ்வடிவமைப்பு 1725இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றது. இதற்கு முந்தைய ஆண்டில், கணிதவியலாளர் கோல்டுபாக்கின் உதவியுடன் கணிதப் பயிற்சிகள் என்னும் பொருள்படும் முதல் நூலை வெளியிட்டிருந்தார். சூதாட்ட நிகழ்தகவு, துளை வழியே நீர் வெளியேறுதல், ரிக்காட்டி சமன்பாடு முதலியவை அந்நூலில் இடம்பெற்றன.

புனித பீட்டர்ஸ்பர்க் ஆண்டுகள்

இவ்வெற்றிகளைத் தொடர்ந்து, இரசியாவில் புதிதாகத் தொடங்கப்பட்ட புனித பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. 1725இல் டேனியலும் நிக்கோலாசும் ஒன்றாக அங்குச் சென்றனர். ஓர் ஆண்டு முடிவதற்குள் நிக்கோலாஸ் காய்ச்சலால் இறந்தார். இழப்பின் துயரும் கடுங்குளிரும் டேனியலை வாட்டின. தந்தையின் மாணவர்களுள் மிகச் சிறந்தவரான லியோனார்டு ஆய்லரை அக்கழகத்துக்கு வரவழைப்பதில் டேனியல் பங்காற்றினார். 1727இல் வந்துசேர்ந்த ஆய்லர் டேனியலின் நெருங்கிய நண்பரானார். அடுத்த ஆறு ஆண்டுகள் டேனியலின் ஆய்வு வாழ்வில் மிகவும் பயனுள்ளவையாக அமைந்தன.

மருத்துவரான டேனியலுக்கு இரத்த ஓட்டத்தில் இயல்பாகவே ஆர்வம் இருந்தது. குழாயில் ஓடும் நீர் குழாயின் சுவரை எவ்வளவு அழுத்துகின்றது என்பதை அறிய, சுவரில் சிறு துளையிட்டு அதில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழலைச் செங்குத்தாகப் பொருத்தினார். குழலில் நீர் ஏறும் உயரம் அவ்விடத்து அழுத்தத்தின் அளவாகும். இரத்த அழுத்தத்தை அறியவும் இம்முறை பொருந்தும். நாளத்தைத் துளைக்காமல் அழுத்தத்தை அளக்கும் கைப்பட்டைக் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் உருவாக்கினார்.

தந்தையுடன் பிணக்கு

1733இல் புனித பீட்டர்ஸ்பர்க்கை விட்டு நீங்கிய டேனியல், ஹைட்ரோடைனமிக்காவின் வரைவை அங்குள்ள கழகத்தில் விட்டுச் சென்றார். தம்பி யோகானுடன் பல நகரங்கள் வழியே பயணம் செய்து 1734இல் பாசெல் வந்தடைந்தார். அங்கு உடற்கூற்றியல், தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது.

அதே ஆண்டில் பாரிஸ் அறிவியல் கழகம், கோள்களின் சுற்றுப்பாதைகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருப்பதற்கான காரணத்தைப் பற்றிய கட்டுரைக்கான பரிசைத் தந்தைக்கும் மகனுக்கும் பகிர்ந்தளித்தது. மகன் தமக்கு நிகராக வைக்கப்பட்டதை யோகானால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அவர் டேனியலைத் தம் வீட்டினுள் வரவேண்டாமென விலக்கினார். இருவரும் ஒரே நகரில், ஒரே பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். எனினும் இப்பிளவு முழுமையாக ஆறவில்லை.

ஹைட்ரோடைனமிக்கா

ஹைட்ரோடைனமிக்கா 1738இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அச்சாகியது. பதின்மூன்று அதிகாரங்களைக் கொண்ட இந்நூல் நீர் வெளியேற்றம், கலங்களின் அலைவு, நீரியல் எந்திரங்கள், வளிமங்கள், ஓடும் நீரின் அழுத்தம், பீறிடும் நீரின் எதிர்விசை ஆகியவற்றை ஆராய்கின்றது. நீரைப் பின்னோக்கிப் பீறிடச் செய்து கப்பலை முன்செலுத்தும் எண்ணமும் இதன் இறுதி அதிகாரத்தில் உள்ளது. பிணக்கு ஏற்பட்டிருந்தபோதும், நூலின் முகப்பில் டேனியல் தம்மை யோகானின் மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்.

பெர்னூலியின் தத்துவம்

அசையாத நீரில் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. நீர் ஓடத் தொடங்கும்போது சுவரின் மீதான அழுத்தம் என்னவாகும் என்பதே டேனியல் எடுத்துக்கொண்ட வினா. வேகம் மிகும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பது அவர் கண்ட விடை. இதன் இன்றைய வடிவம் வருமாறு:

அழுத்தம் + (1/2 × அடர்த்தி × வேகத்தின் இருமடி) + (அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்) = மாறிலி

எடுத்துக்காட்டாக, கிடைமட்டக் குழாய் ஒன்றில் நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். குழாயின் குறுக்குப் பரப்பு பாதியாகக் குறுகினால், அதே அளவு நீர் கடந்து செல்ல வேண்டியிருப்பதால், வேகம் நொடிக்கு 4 மீட்டராகும். நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1000 கிலோகிராம். ஆகவே அழுத்தக் குறைவு 1/2 × 1000 × (16 − 4) = 6000 பாஸ்கல் ஆகும். இரு இடங்களிலும் செங்குத்துக் குழல்களைப் பொருத்தினால், குறுகிய பகுதியிலுள்ள குழலில் நீர்மட்டம் ஏறத்தாழ 61 சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கும்.

குறுகிய இடத்தில் நீர் நெருக்கப்படுவதால் அழுத்தம் கூடும் என்றே பலருக்கும் முதலில் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. நீரின் ஒரு சிறு பகுதி வேகம் பெற வேண்டுமாயின் அதனைப் பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம், முன்னாலிருந்து தடுக்கும் அழுத்தத்தைவிட மிகுந்திருக்க வேண்டும். அதாவது, அழுத்த வேறுபாடு முடுக்கத்தை உண்டாக்குகின்றது; அதன் விளைவாக, உயர்அழுத்தப் பகுதியிலிருந்து தாழ்அழுத்தப் பகுதிக்குச் செல்லும் நீர் விரைவடைகின்றது.

இச்சமன்பாடு சீராக ஓடும், உராய்வைப் புறக்கணிக்கத்தக்க, அடர்த்தி மாறாத பாய்மத்துக்கே பொருந்தும். பொதுவாக, ஒரே ஓட்டக்கோட்டிலுள்ள இரு இடங்களையே இதனால் ஒப்பிட முடியும். மேலே தந்துள்ள வடிவத்தை டேனியல் எழுதவில்லை; அவர் உயிர்விசையின் வழியே தனித்தனிச் சிக்கல்களுக்கு விடை கண்டார். பாய்மங்களுக்கான பொதுச் சமன்பாடுகளை 1750களில் வகுத்து, அவற்றிலிருந்து இதனை வருவித்தவர் ஆய்லர்.

வளிமங்களின் இயக்கக் கொள்கை

நூலின் பத்தாம் அதிகாரத்தில் டேனியல் மற்றொரு புரட்சிகரமான கருத்தை வெளியிட்டார். உருளை ஒன்றில் உந்துதண்டின் கீழ் அடைபட்டுள்ள காற்று, எல்லாத் திசைகளிலும் விரைந்து ஓடும் எண்ணற்ற நுண்துகள்களால் ஆனது எனவும், அவை இடைவிடாது மோதுவதே அழுத்தமாக உணரப்படுகின்றது எனவும் அவர் கூறினார். கன அளவு குறைந்தால் துகள்கள் அடிக்கடி மோதும்; ஆகவே அழுத்தம் கூடும். இதிலிருந்து பாயில் விதியை வருவித்தார். வெப்பம் கூடும்போது துகள்களின் வேகம் கூடும் என்றும், அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்றும் விளக்கினார். அணுக்களைப் பற்றிய உறுதியான சான்று இல்லாத காலத்தில் கூறப்பட்ட இக்கருத்து நூறாண்டுகளுக்கும் மேலாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கிளாசியஸ் 1857இலும் மேக்ஸ்வெல் 1860இலும் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின்னரே இது இயற்பியலில் நிலைபெற்றது.

முன்னுரிமைச் சர்ச்சை

1740களின் தொடக்கத்தில் யோகான் பெர்னூலியின் படைப்புகள் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஹைட்ராலிக்கா என்னும் பகுதி, ஹைட்ரோடைனமிக்கா ஆராய்ந்த அதே சிக்கல்களை எடுத்துக்கொண்டது. அது 1732இல் எழுதப்பட்டதாக அதில் குறிக்கப்பட்டிருந்தது. இதன்படி, மகனுடைய நூலுக்கு ஆறு ஆண்டுகள் முன்னரே தந்தை இம்முடிவுகளைக் கண்டறிந்தவர் ஆகின்றார். பல ஆண்டு உழைப்பின் பயன் முழுதும் தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதாக டேனியல் 1743இல் ஆய்லருக்கு எழுதிய மடலில் மனம் வெதும்பினார். ஆய்லரோ யோகானின் நூலையும் பாராட்டி எழுதியிருந்தார்.

யோகான் தம் நூலின் காலத்தை வேண்டுமென்றே முன்தள்ளிக் குறித்தார் என்பதே வரலாற்றாசிரியர்களின் பரவலான கருத்து. ஆயினும் அந்நூல் வெறும் படியன்று. டேனியல் உயிர்விசையை நம்பினார். யோகானோ நீரின் ஒவ்வொரு மெல்லிய அடுக்கின் மீதும் செயற்படும் விசைகளைக் கணக்கிட்டு, ஓடும் நீரின் உள்ளழுத்தத்தை மேலும் தெளிவாக வரையறுத்தார். ஆய்லரின் பொதுச் சமன்பாடுகளுக்கு இம்முறை வழிகோலியது. முன்னுரிமை மகனுக்கும், முறையின் மேம்பாடு தந்தைக்கும் உரியன எனலாம். இச்சர்ச்சைக்குப் பின் கணிதத்தில் தமக்கிருந்த ஊக்கம் குன்றியதாக டேனியல் உணர்ந்தார். யோகான் 1748 சனவரி 1 அன்று இறந்தார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் அவர் வகித்த அயல்நாட்டு உறுப்பினர் இடத்துக்கு டேனியல் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மிதக்கும் பொருட்களும் கப்பல்களும்

பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசை டேனியல் தனித்தும் பகிர்ந்தும் மொத்தம் பத்து முறை பெற்றார். நங்கூரம், கடல் ஓதங்கள், காந்த ஊசி, கடலில் நேரம் அறிதல், நீரோட்டங்கள், காற்றில்லாதபோது கப்பலைச் செலுத்துதல் எனப் பெரும்பாலானவை கடற்பயணம் தொடர்பானவை. 1757இல் கிடைத்த பரிசு, கப்பல்களின் ஆட்டத்தைக் குறைக்கும் வழிகளைப் பற்றியது.

ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, மிதக்கும் பொருளின் மீது அது வெளியேற்றிய நீரின் எடைக்குச் சமமான மேல்நோக்கிய மிதப்பு விசை செயற்படும். ஆனால் கப்பல் மிதந்தால் மட்டும் போதாது. கவிழாமலும் இருக்க வேண்டும். மிதப்பு விசை, நீரில் அமிழ்ந்த பகுதியின் மையம் வழியே செயற்படுகின்றது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அப்பகுதியின் வடிவம் மாறுவதால், மிதப்பு மையமும் சாய்ந்த பக்கமாக நகர்கின்றது. அது போதிய அளவு நகருமாயின், எடையும் மிதப்பு விசையும் சேர்ந்து கப்பலை மீண்டும் நிமிர்த்தும், இல்லையேல் கவிழ்க்கும். கப்பல் தானாக ஆடும் காலமும் அலைகள் வந்து மோதும் காலமும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும் என்பதையும் டேனியல் ஆராய்ந்தார்.

வானூர்திப் பறத்தலும் பெர்னூலியும்

வானூர்தி பறப்பதற்கான விளக்கங்களில் டேனியல் பெர்னூலியின் பெயர் தவறாமல் இடம்பெறுகின்றது. ஆனால் அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டான 1783இல்தான் மான்கோல்பியர் சகோதரர்களின் வெப்பக்காற்றுக் கூண்டு வானில் ஏறியது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல்.

இறக்கையின் மேற்புறத்தில் காற்று விரைவாகவும் கீழ்ப்புறத்தில் மெதுவாகவும் செல்வதால், மேலே அழுத்தம் குறைந்து ஏற்றவிசை உண்டாகின்றது என்பது சரியே. மேற்புறத்தில் சராசரியாக நொடிக்கு 70 மீட்டரும் கீழ்ப்புறத்தில் 50 மீட்டரும் வேகம் எனவும், காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனவும் கொண்டால், அழுத்த வேறுபாடு 1/2 × 1.2 × (4900 − 2500) = 1440 பாஸ்கல் ஆகும். இது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. ஆனாலும் 100 சதுர மீட்டர் பரப்புள்ள இறக்கையில் இது 1,44,000 நியூட்டன் விசையாகி, ஏறத்தாழ 14.7 டன் நிறையைத் தாங்கும்.

மேற்புறக் காற்று ஏன் விரைவாகச் செல்கின்றது என்பதற்குப் பரவலாகத் தரப்படும் விளக்கம் தவறானது. இறக்கையின் முன்முனையில் பிரியும் காற்று, பின்முனையில் ஒரே நேரத்தில் சேர வேண்டுமென்பதால் நீண்ட பாதையில் விரைந்து செல்கின்றது என்பர். அவ்வாறு சேர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சோதனைகளில் மேற்புறக் காற்று, கீழ்ப்புறக் காற்றுக்கு முன்னதாகவே பின்முனையை அடைகின்றது. மேலும், இருபுறமும் ஒத்த வடிவுடைய இறக்கைகளும் பறக்கின்றன; வானூர்திகள் தலைகீழாகவும் பறக்கின்றன.

இறக்கையின் சாய்வும் வளைவும் கூர்மையான பின்முனையும் சேர்ந்து காற்றோட்டத்தைக் கீழ்நோக்கி வளைக்கின்றன. காற்றைக் கீழே தள்ளும் விசைக்கு எதிர்விசையே ஏற்றவிசை. காற்றோட்டம் வளையும்போது மேலே அழுத்தம் குறைந்தும் கீழே கூடியும் அமைகின்றது. இவ்வழுத்த வேறுபாட்டுக்கேற்ப வேகங்களும் மாறுகின்றன. ஆகவே நியூட்டன் விதியும் பெர்னூலி தத்துவமும் ஒரே நிகழ்வின் இரு கணக்குகள். ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. காற்றின் வேகம் எவ்வாறு பகிர்ந்தமைகின்றது என்பதைக் கணக்கிடும் வழியை குட்டா 1902இலும் சுகோவ்ஸ்கி 1906இலும் கண்டனர்.

வானூர்தியின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழலிலும் இத்தத்துவம் பயன்படுகின்றது. எதிர்வரும் காற்றைத் தடுத்து நிறுத்தும் முனையின் அழுத்தத்துக்கும் சுற்றுக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு 6000 பாஸ்கல் எனில், 1.2 அடர்த்தியுள்ள காற்றில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர். வேகம் மேலும் கூடும்போது காற்று அமுங்குவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிற பங்களிப்புகள்

* நிகழ்தகவு: 1738இல் வெளியான கட்டுரையில், ஒரே தொகை ஏழைக்குத் தரும் பயன் செல்வருக்குத் தரும் பயனைவிடப் பெரிது என்பதைக் கணித வடிவில் முன்வைத்தார். புனித பீட்டர்ஸ்பர்க் முரண்பாடு எனப்படும் சூதாட்டப் புதிருக்கு இது விடையாயிற்று. பொருளியலின் பயன்பாட்டுக் கொள்கைக்கு இது முன்னோடி.

* நோய்ப் பரவல்: 1760இல் பெரியம்மைக்கு எதிரான அம்மைப்பால் ஏற்றும் முறையின் நன்மை தீமைகளைக் கணக்கிட்டார். அம்மை ஏற்றுவதால் 200 பேரில் ஒருவர் இறப்பதாகக் கொண்டாலும், அனைவருக்கும் ஏற்றினால் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 3 ஆண்டுகள் கூடும் எனக் காட்டினார். டெலம்பேர் இதனை எதிர்த்தார்: இன்று நேரக்கூடிய இறப்பையும் பின்னாளில் கிடைக்கும் ஆயுளையும் ஒரே தராசில் நிறுப்பது எளிதன்று என்பது அவர் வாதம்.

* அதிர்வுகள்: 1753இல், அதிரும் கம்பியின் எந்த அசைவையும் எளிய சைன் அலைகளின் கூட்டாகக் கருதலாம் என்றார். ஆய்லரும் டெலம்பேரும் இதனை ஏற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூரியேயின் ஆய்வுகள் இக்கருத்துக்கு வலுவூட்டின.

* கட்டமைப்புப் பொறியியல்: விட்டங்களின் வளைவைக் கணக்கிடும் ஆய்லர்–பெர்னூலி கோட்பாட்டில் இவருடைய பெயரும் இணைந்துள்ளது.

இறுதிக் காலம்

டேனியல் 1743இல் உடலியங்கியல் துறைக்கும், 1750இல் தாம் விரும்பிய இயற்பியல் துறைக்கும் மாறினார். சோதனைகளுடன் கூடிய அவருடைய விரிவுரைகள் பலரையும் ஈர்த்தன. 1750இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினரானார். 1776 வரை கற்பித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1782 மார்ச் 17 அன்று பாசெல் நகரில் காலமானார். அந்நகரின் புனித பேதுரு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

முதன்மைப் படைப்புகள்

* கணிதப் பயிற்சிகள் (1724, வெனிஸ்)
* ஹைட்ரோடைனமிக்கா (1738, ஸ்ட்ராஸ்பூர்க்)
* வாய்ப்பை அளவிடுதல் பற்றிய புதிய கோட்பாட்டின் விளக்கம் (1738, புனித பீட்டர்ஸ்பர்க்)
* பெரியம்மையால் நேரும் இறப்புகளும் அம்மை ஏற்றுதலின் நன்மைகளும் பற்றிய ஆய்வு (1760இல் அளிக்கப்பட்டது, 1766இல் அச்சானது)